180 பிள்ளைகளை எங்கே, எப்படிப் படுக்க வைப்பது?

கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்து இரண்டு ஆண்டுகளான தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். மார்கழியில், அரையாண்டு விடுமுறையின்போது, அவருடைய வட்டாரத்தில் நான்கு நாள் மாநிலப் பள்ளி விளையாட்டுப் போட்டிகள் நடக்கவிருக்கின்றன. தடகளம், கபடி, வாலிபால், ஜூடோ. வெளி மாவட்டங்களிலிருந்து வரும் 100 பையன்களையும் 80 பெண் பிள்ளைகளையும் அவருடைய பள்ளி வகுப்பறைகளில் தங்கவைக்கச் சொல்லியிருக்கிறார்கள். சமையலுக்கும் காவலுக்கும் ஆள் பேசியாயிற்று. "மாவட்டவாரியாக அறை பிரித்துக் கொடுத்துவிட்டால் போதுமா, வேறு எதையாவது கவனிக்க வேண்டுமா?" என்பது அவருடைய கேள்வி.

நான் பவானிக்காரி. 29 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தேன். பெண் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கல்யாண மண்டபங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் சமுதாயக் கூடங்களிலும் படுத்த இரவுகளுக்குக் கணக்கே இல்லை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், தம்பி: போதாது. மாவட்டவாரியாகப் பிரிக்கும் எண்ணத்தையே முதலில் கைவிடுங்கள்.

காரணம் எளியது. கபடி ஆட்டங்கள் விளக்கு வெளிச்சத்தில் இரவு ஒன்பதரை, பத்து வரை நடக்கும். ஆடி முடித்த பிள்ளைகள் குளித்து, சாப்பிட்டு, ஆட்டத்தைப் பற்றிப் பேசி ஓய நள்ளிரவு ஆகிவிடும். 3000 மீட்டர் ஓடும் பிள்ளைக்கோ காலை ஆறரைக்கே ஓட்டம்; நாலரைக்கு எழுந்தாக வேண்டும். இருவரும் ஒரே மாவட்டம் என்பதற்காக ஒரே அறையில் போட்டால் கபடிக்காரி வந்து விளக்கைப் போடும்போது ஓட்டக்காரி விழிப்பாள். ஓட்டக்காரி எழுந்து பையைத் திறக்கும்போது கபடிக்காரி விழிப்பாள். இருவருக்கும் தூக்கம் இல்லை. அதனால் முதலில் வயதைப் பாருங்கள்: 14 வயதுக்கு உட்பட்டவர்களை 19 வயதுப் பிரிவோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். அடுத்து, காலையில் எழ வேண்டிய நேரத்தைப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் மாவட்டம். அணிப் பொறுப்பாசிரியர்கள் முணுமுணுப்பார்கள், "என் பிள்ளைகள் என் கண் முன்னால் இருக்க வேண்டும்" என்பார்கள். அந்தக் கவலை நியாயமானது. ஒரே மாவட்டப் பிள்ளைகள் ஒரே கட்டடத்தில், பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் அவர்கள் கவலையும் தீரும், தூக்கமும் கெடாது.

விளையாட்டுத் திடலில் நடப்பதற்கு நடுவர்கள் பொறுப்பு. உங்கள் பொறுப்பு இரவு ஒன்பது மணிக்கும் விடியற்காலை ஐந்து மணிக்கும் இடைப்பட்ட எட்டு மணி நேரம். பாய், தண்ணீர், சாப்பாடு, காவல் எதைப் பற்றி முடிவு செய்தாலும் அந்த எட்டு மணி நேரத்தை அது காப்பாற்றுகிறதா என்று மட்டும் கேளுங்கள். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் சொல்கிறது. 6 முதல் 12 வயது வரை என்றால் 9 முதல் 12 மணி நேரம். லாஸ் ஏஞ்சலஸில் பள்ளி விளையாட்டு வீரர்களை வைத்து நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்கு அடிபடும் வாய்ப்பு மற்றவர்களைவிட 1.7 மடங்கு இருந்தது. தசைப்பிடிப்பு, கணுக்கால் பிசகு என்று மருத்துவ மேசைக்கு வரும் பிள்ளைகளிடம் "நேற்று எப்போது தூங்கினாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பதில் அதில் இருக்கும்.

புது இடத்தில் முதல் இரவு யாருக்கும் ஆழ்ந்த தூக்கம் வராது. மூளையின் ஒரு பாதி காவல் காப்பதுபோல் விழிப்பாகவே இருக்கிறது என்று பிரவுன் பல்கலைக்கழகத்தார் 2016இல் ஆய்ந்து சொன்னார்கள். ஆகவே பிள்ளைகள் போட்டிக்கு முந்தைய நாள் மதியத்துக்குள் வந்து சேரும்படி மாவட்டங்களுக்கு இப்போதே எழுதுங்கள். இராமநாதபுரத்திலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் இரவு பஸ்ஸில் உட்கார்ந்தபடி வந்து நேரே திடலில் இறங்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மனம் வலிக்கும்.

இனி இடம். அரசுப் பள்ளி வகுப்பறை பெரும்பாலும் 20க்கு 20 அடி. அதாவது 37 சதுர மீட்டர். பேரிடர் முகாம்களுக்கு உலகெங்கும் பயன்படும் ஸ்பியர் கையேடு ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் கேட்கிறது. வெள்ளத்தில் வீடிழந்தவருக்கே அந்த இடம் வேண்டுமென்றால் மறுநாள் ஓட வேண்டிய பிள்ளைக்கு அதைவிடக் குறைக்கலாமா? ஓர் அறைக்குப் பத்துப் பேர். அதற்கு மேல் ஒருவர்கூட வேண்டாம். 180 பேருக்கு 18 அறைகள். ஆசிரியர்களுக்குத் தனி. காய்ச்சல், வாந்தி, அம்மை, மெட்ராஸ் ஐ என்று யாராவது படுத்தால் ஒதுக்க இரண்டு அறைகள் காலியாக இருக்கட்டும். பெஞ்சுகளை வெளியே எடுத்து அடுக்க ஆள் வேண்டும். அதைப் பிள்ளைகள் வந்த பிறகு அவர்களைக் கொண்டே செய்யும் பழக்கம் இருக்கிறது. அது கூடாது.

தரை விஷயத்தில் நம் பகுதி கொடுத்து வைத்தது. வாடகைப் பாத்திரக்கடையில் பவானி ஜமக்காளம் வேண்டிய மட்டும் கிடைக்கும். ஆனால் மார்கழியில் சிமெண்டுத் தரையின் குளிர் ஜமக்காளத்தைத் தாண்டி முதுகில் ஏறும். கீழே கோரைப் பாய், அதன்மேல் ஜமக்காளம், அதற்கும் மேலே ஆளுக்கொரு மெல்லிய மெத்தை. கல்யாணத்துக்குக் கல்யாணம் போய்வரும் ஜமக்காளத்தில் தூசி நிறைய இருக்கும். இரண்டு நாள் முன்னதாகவே வாங்கி, வெயிலில் காயவைத்து, அடித்து உதறுங்கள். இல்லாவிட்டால் இழுப்பு உள்ள பிள்ளை இரவெல்லாம் இருமும். போர்வை மட்டும் பொதுவாக இருக்கவே கூடாது. சென்னிமலைப் போர்வை ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொல்லுங்கள், இல்லாதவருக்கு நீங்கள் வாங்கிக் கொடுங்கள். சிரங்கும் படர்தாமரையும் பொதுப் போர்வையிலும் பொதுத் துண்டிலும்தான் ஊர் விட்டு ஊர் போகின்றன. அதிலும் ஜூடோ, கபடிப் பிள்ளைகள் நாளெல்லாம் தோலோடு தோல் உரசி ஆடுபவர்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் கழிப்பறை. உங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு ஐந்து கழிப்பறைகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 80 பேருக்கு ஐந்து என்றால் ஒன்றுக்குப் பதினாறு பேர். ஆளுக்கு எட்டு நிமிடம் வைத்தால் 128 நிமிடம். கடைசிப் பிள்ளை ஆறேகாலுக்கு வெளியே வர வேண்டுமானால் முதல் பிள்ளை நான்கு மணிக்கெல்லாம் உள்ளே போயிருக்க வேண்டும். எட்டு மணி நேரத் தூக்கம் அங்கேயே உடைந்துவிடுகிறது. ஆசிரியர் கழிப்பறைகளைத் திறந்துவிடுங்கள், நடமாடும் கழிப்பறை வண்டி கிடைக்குமா என்று நகராட்சியில் கேளுங்கள். குளியலை மாலைக்கு மாற்றுங்கள். விளையாடி வந்ததும் வெந்நீர்க் குளியல், காலையில் முகம் கழுவினால் போதும் என்பதை முதல் நாளே அறிவித்துவிடுங்கள். காலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் வெளியே போகக்கூடாது என்று வீட்டில் பழகிய பிள்ளைகள் தயங்குவார்கள். பெண் ஆசிரியை ஒருவர் அன்பாகச் சொன்னால் கேட்பார்கள்.

தண்ணீர்க் கணக்கும் அப்படித்தான். இந்தியத் தர நிர்ணயப்படி பகல் நேரப் பள்ளிக்குத் தலைக்கு 45 லிட்டர், தங்கிப் படிக்கும் பள்ளிக்கு 135 லிட்டர். உங்கள் பள்ளியின் தொட்டியும் மோட்டாரும் முதல் கணக்குக்காகக் கட்டப்பட்டவை. அந்த நான்கு நாளும் அது தங்கும் பள்ளி. 180 பேருக்கு ஒரு நாளைக்கு 24,300 லிட்டர் வேண்டும். லாரித் தண்ணீருக்கு இப்போதே சொல்லி வையுங்கள். குடிக்க ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை வைத்துவிடாதீர்கள். ருசி பிடிக்காமல் பிள்ளைகள் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், ஒரு பிள்ளையை என்னால் மறக்க முடியவில்லை. 400 மீட்டர் ஓடுபவள், பதினைந்து வயது. வேறொரு ஊரில் தங்கியிருந்தோம். கழிப்பறை திடலுக்கு அந்தப் பக்கம். நடுவில் விளக்கே கிடையாது. இருட்டில் போகப் பயந்துகொண்டு அவள் மாலை ஐந்து மணியிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அது எனக்குத் தெரியாது. பத்தடி தள்ளிப் படுத்திருந்தேன், எனக்குத் தெரியாது. மறுநாள் கடைசி வளைவில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் அழவில்லை, "பரவாயில்லை டீச்சர்" என்றாள். அன்றிலிருந்து எங்கே போனாலும் பையில் இரண்டு டார்ச் விளக்கும் ஒரு நீள வயரும் பல்பும் வைத்திருப்பேன். உங்கள் பள்ளியில் அறை வாசலிலிருந்து கழிப்பறைக் கதவு வரை ஓர் அடிகூட இருட்டு இருக்கக்கூடாது. மின்சாரம் போனாலும் எரியும் விளக்குகளாக இருக்கட்டும்.

பெண் பிள்ளைகள் பக்கம் இன்னொன்று. பயணமும் பதற்றமும் சேர்ந்து மாதவிலக்கு நாள் தவறி வந்துவிடும். சிலருக்கு அதுவே முதல் முறையாகவும் இருக்கும். நாப்கினை ஆசிரியையிடம் கேட்டு வாங்கும்படி வைக்காதீர்கள். கழிப்பறைக்குள்ளேயே ஒரு பெட்டியில் திறந்து வையுங்கள். மூடியுள்ள குப்பைக்கூடையும் உள்ளே இருக்க வேண்டும். கருநிற அரைக்கால் சட்டைகள் சில கூடுதலாக வாங்கி வைத்தால் ஒரு பிள்ளையாவது போட்டியை விடாமல் ஆடுவாள்.

சாப்பாட்டில் நம் கொங்கு விருந்தோம்பலைக் கொஞ்சம் அடக்கி வைக்க வேண்டும். வெளியூர்ப் பிள்ளைகள் வருகிறார்கள் என்றதும் ஊர்ப் பெரியவர்கள் யாராவது ஒரு வேளைக்குப் பள்ளிபாளையம் சிக்கனும் பிரியாணியும் போடுகிறேன் என்று முன்வருவார்கள். அவர்களை வணங்கி, கடைசிநாள் மதியத்துக்கு அந்த விருந்தை வாங்கிக்கொள்ளுங்கள். போட்டி நாட்களில் அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கிய நம் சோறு, ரசம், தயிர், நாமக்கல் முட்டை வேகவைத்தது, உங்கள் வட்டாரத்துக் கதலிப் பழம். போதும். கொள்ளு பழகாத வயிற்றுக்கு வாயு உண்டாக்கும், அதனால் வெளி மாவட்டத்தார்க்குக் கட்டாயப்படுத்த வேண்டாம். இரவுச் சோறு ஏழு மணிக்கு. கபடிப் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாகச் சூடாக எடுத்து வைக்க ஓர் ஆள். ஆறிய சோற்றின் மிச்சம் அவர்கள் பங்கு ஆகிவிடக்கூடாது.

பொட்டலச் சோறு பற்றி எச்சரிக்கிறேன். விடியற்காலையில் தக்காளிச் சோறு கிண்டி, சூட்டோடு பொட்டலம் கட்டி, மதியம் ஒன்றரைக்குத் திடலில் பிரிப்பார்கள். சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் பல மணி நேரம் கிடந்தால் அது பெருகி நஞ்சை உண்டாக்கும், மறுபடி சூடு செய்தாலும் அந்த நஞ்சு போகாது. மதியச் சோற்றை மதியம் ஆக்கி, பாத்திரத்தோடு வண்டியில் கொண்டுபோய்ப் பரிமாறுங்கள். சமையல் இடத்துக்கு ஒரு பெண் ஆசிரியையும் ஓர் ஆண் ஆசிரியரும் தினமும் போய்ப் பார்க்க வேண்டும். 2022 செப்டம்பரில் உத்தரப் பிரதேசத்தின் சகாரன்பூரில் கபடி ஆட வந்த பெண் பிள்ளைகளுக்கான சோறு கழிப்பறைக்குள் வைக்கப்பட்டிருந்த காட்சியை நாடே பார்த்தது. அதிகாரி பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். பொறுப்பான ஒருவர் ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு அந்த அவமானம் நேர்ந்திருக்காது.

ஜூடோ பிள்ளைகள் தங்கள் எடைப் பிரிவுக்குள் வருவதற்காகப் பட்டினி கிடப்பார்கள். மற்றவர்கள் சாப்பிடும் கூடத்தில் அவர்களை உட்கார வைப்பது கொடுமை. எடை பார்க்கும் இடத்துக்குப் பக்கத்து அறைகளை அவர்களுக்குக் கொடுத்து, எடை முடிந்த உடனே கஞ்சியும் உப்புச்சர்க்கரைக் கரைசலும் கையில் கிடைக்கும்படி செய்யுங்கள். பதின்மூன்று வயதுப் பையன் இரவில் இரண்டு சட்டை போட்டுக்கொண்டு திடலைச் சுற்றி ஓடினால், எந்த மாவட்டத்தார் என்று பாராமல் நிறுத்துங்கள்.

காவலைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னைத் திடுக்கிட வைத்தது: "இரவு பத்து மணிக்குப் பெண்கள் கட்டடத்தை வெளியிலிருந்து பூட்டிவிடுவோம்." வேண்டாம் தம்பி. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைத் தீக்குப் பறிகொடுத்த மாநிலம் இது. உள்ளிருந்து திறக்கும் தாழ்ப்பாள் மட்டுமே இருக்க வேண்டும். வாசலில் விழித்திருக்கும் ஆள் இருக்க வேண்டும். பெண்கள் கட்டடத்துக்குப் பெண் காவலர். சமையல் கொட்டகை படுக்கும் அறைகளுக்கு அருகில் வரவே கூடாது.

18 வயது நிறையாத எல்லோரும், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின்படி குழந்தைகள். ஏதாவது நடந்ததாகத் தெரிந்தால் போலீசுக்குச் சொல்ல வேண்டியது அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உங்கள் கடமை. "பள்ளிப் பெயர் கெட்டுவிடும்" என்று மறைத்தால் 21ஆம் பிரிவு உங்கள் மேல் பாயும். அதற்கு முன்பே செய்யக்கூடியவை உண்டு. பெண் பிள்ளைகள் வரும் ஒவ்வோர் அணியோடும் பெண் ஆசிரியை வர வேண்டும் என்று உறுதியாகச் சொல்லுங்கள். இந்திய விளையாட்டு ஆணையமே 2022 ஜூனில் வீராங்கனைகள் பயணம் செய்யும்போது பெண் பயிற்சியாளர் உடன் செல்ல வேண்டும் என்று தேசிய சம்மேளனங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. எந்தப் பெரியவரும், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஒரு பிள்ளையோடு அறையில் தனியாக இருக்கக்கூடாது. கால் பிடித்துவிடுவது, அடிபட்ட இடத்துக்குத் தைலம் தேய்ப்பது எல்லாம் திறந்த வராந்தாவில், இன்னொரு ஆசிரியர் முன்னிலையில் நடக்கட்டும். குளியலறை வென்டிலேட்டர்களை நீங்களும் ஓர் ஆசிரியையும் வெளியிலிருந்து பாருங்கள். கைப்பேசி நுழையும் இடைவெளி இருந்தால் அட்டை வைத்து அடையுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை ஒவ்வோர் அறைக் கரும்பலகையிலும் பெரிதாக எழுதுங்கள், அழிக்காதீர்கள் என்றும் எழுதுங்கள். பையன்கள் பக்கம் பெரியவன் சின்னவனைத் துணி துவைக்கச் சொல்வதும் பாயைப் பிடுங்குவதும் நடக்கும். வயதுவாரியாக அறை பிரித்தாலே அதில் முக்கால் பங்கு நின்றுவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் பகுதியில் புதிதாகப் பார்த்ததும் "எந்த ஊரு?" என்று கேட்பார்கள், அடுத்து "என்ன கூட்டம்?" என்று குலப்பிரிவைக் கேட்பார்கள். கேட்கும் பிள்ளைக்கு அது வீட்டில் தினமும் காதில் விழும் சொல். சொல்வதற்குக் கூட்டம் இல்லாத பிள்ளை அந்த இடத்தில் தலை குனியும். அன்றிரவு அது சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்ளும். நான் பார்த்திருக்கிறேன். முதல் நாள் மாலையே எல்லோரையும் உட்கார வைத்து, இங்கே ஊர், பெயர், விளையாட்டு இவை மூன்றுக்கு மேல் யாரும் யாரையும் கேட்கக்கூடாது என்று சொல்லுங்கள். அடையாளத்துக்கு மாவட்டத்துக்கொரு நிறத்தில் கையில் கயிறு கட்டலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். நிறக் கயிறு நம் பள்ளிகளில் சாதியைச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். பள்ளிகளில் சாதிப் பூசலைத் தடுக்க அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் அதைத் தடை செய்யவே பரிந்துரைத்தது. எல்லோருக்கும் ஒரே நிற அட்டை, அதில் பெரிய எழுத்தில் பெயரும் எண்ணும். தட்டும் டம்ளரும் ஒரே மாதிரி. பந்தியில் வந்த வரிசையில் உட்கார வேண்டும்.

படுக்கும் இடத்தில் நேரத்தைப் பார்த்துப் பிரித்தோமே, பந்தியில் அதற்கு நேர்மாறாக எல்லோரையும் கலந்துவிடுங்கள். 2010 ஆகஸ்டில் சிங்கப்பூரில் முதல் இளையோர் ஒலிம்பிக் நடந்தபோது 14 முதல் 18 வயது வரையிலான ஏறக்குறைய 3,500 பேரை நன்யாங் பல்கலைக்கழக வளாகத்தில் ஒன்றாகத் தங்கவைத்தார்கள். தங்கள் போட்டி முடிந்தவர்களும் இறுதிநாள் வரை இருந்து மற்ற நாட்டுப் பிள்ளைகளோடு பழக வேண்டும் என்பதே ஏற்பாடு. நம்மால் அவ்வளவு முடியாது. ஆனால் தோற்ற அணியை அன்று மாலையே பஸ் ஏற்றி அனுப்பும் வழக்கத்தை உங்கள் பள்ளியிலாவது மாற்றிப் பாருங்கள். ஓர் இரவு கூடுதலாக இருந்தால் தூத்துக்குடிப் பிள்ளைக்கும் நீலகிரிப் பிள்ளைக்கும் பேச்சு தொடங்கிவிடும். என் மாணவி ஒருத்திக்கு இன்றும் நெருங்கிய தோழி, அப்படி ஒரு வகுப்பறையில் பக்கத்துப் பாயில் படுத்த திருநெல்வேலிப் பெண்தான்.

மருந்து விஷயத்தில் சுருக்கமாக: இருமுகிறது என்று எந்த ஆசிரியரும் தன் பையிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுக்கக்கூடாது. சளி மாத்திரைகள் சிலவற்றில் உள்ள சூடோஎபிட்ரின், போட்டி நாளில் அளவு தாண்டினால் ஊக்கமருந்துக் கணக்கில் வரும். மருத்துவர் எழுதிக் கொடுக்கட்டும், எழுதியதைப் பதிவேட்டில் குறித்து வையுங்கள்.

மார்கழி என்பதால் அதிகாலை நாலரைக்குக் கோயில் ஒலிபெருக்கிகள் பாடத் தொடங்கும். பத்து நாள் முன்பே தலைமை ஆசிரியரோடு நேரில் போய், பழத்தட்டோடு, கோயில் பெரியவர்களைப் பாருங்கள். பள்ளியைப் பார்த்திருக்கும் குழாயை நான்கு நாள் மட்டும் வேறு பக்கம் திருப்பச் சொன்னால் மறுக்கவே மாட்டார்கள். எனக்கு ஒருமுறைகூட யாரும் மறுத்ததில்லை. இரண்டு ஊர்களில் பிள்ளைகளுக்குப் பொங்கலும் கொடுத்தனுப்பினார்கள்.

எல்லாம் தயாரான பிறகு, பிள்ளைகள் வருவதற்கு மூன்று நாள் முன்பு, பையன்கள் கட்டடத்தில் நீங்களும் பெண்கள் கட்டடத்தில் உங்கள் பள்ளி ஆசிரியைகள் இருவரும் ஓர் இரவு படுத்துப் பாருங்கள். அதே பாய், அதே போர்வை. இரண்டு மணிக்கு எழுந்து, டார்ச் இல்லாமல் கழிப்பறைக்குப் போய் வாருங்கள். எங்கே கால் இடறியது, எந்த ஜன்னலில் காற்று வந்தது, எந்த நாய் குரைத்தது, கொசு எந்த மூலையில் மொய்த்தது என்று அப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள். சரிசெய்ய உங்களுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கும்.